‘கால்ல நரம்பு பிரச்சனை’ன்னா எந்த நரம்பு? கால் ரத்த ஓட்டப் பரிசோதனையில் என்ன நடக்கும்

[எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.]

இன்னைக்கு ஒரே ஒரு மருத்துவப் பரிசோதனையைப் பத்திப் பேசப் போறோம். ஊசி கிடையாது, ரத்தம் எடுக்க மாட்டாங்க, மயக்க மருந்து இல்ல, எக்ஸ்ரே கதிர்வீச்சும் இல்ல. கையிலயும் கால்லயும் பிபி பாக்கறாங்க, ரெண்டையும் வகுக்கறாங்க, அவ்ளோதான். ஆனா நம்ம வீட்டுப் பெரியவங்க நெறைய பேருக்கு இது ரொம்ப லேட்டாதான் நடக்குது. அதுக்கு ஒரு காரணம் நம்ம பேசற தமிழ்லயே இருக்குன்னு நான் நினைக்கிறேன். அந்தக் காரணம் ‘நரம்பு’ங்கற ஒரு வார்த்தை.

யோசிச்சுப் பாருங்க. கையில ட்ரிப்ஸ் ஏத்தும்போது “நரம்பு கிடைக்கல”ன்னு சொல்றோம். அது உண்மையில ரத்தக் குழாய். கெண்டைக்கால்ல நீலமா புடைச்சு நின்னா “நரம்பு சுருட்டிக்கிச்சு”. அதுவும் ரத்தக் குழாய்தான், ஆனா வேற வகை. கால் மரத்துப் போனா “நரம்பு வீக்”. அது மட்டும்தான் நிஜமான நரம்பு. மூணு தனித்தனி சமாச்சாரத்துக்கு ஒரே பேரு வெச்சிருக்கோம். ஒரு புரோகிராம்ல மூணு வேரியபிளுக்கும் ஒரே பேரு வெச்சா என்ன ஆகுமோ, அதுதான் இங்கயும் ஆகுது.

மூணு குழாய் இல்ல: ரெண்டு குழாய், ஒரு வயர்

முதல்ல தமனி. இதயத்துல இருந்து காலுக்கு நல்ல ரத்தத்தைக் கொண்டு போற குழாய். இது கொழுப்பு படிஞ்சு சுருங்கினா காலுக்குப் போற சப்ளை குறையும். ரெண்டாவது சிரை. கால்ல இருந்து ரத்தத்தை மேல திருப்பி எடுத்துட்டு வர்ற குழாய். இதோட வால்வு கெட்டுப் போனா ரத்தம் கீழயே தேங்கி, குழாய் புடைச்சு சுருண்டு நிக்கும். உள்ள ரத்தம் உறைஞ்சு கட்டியும் ஆகலாம். மூணாவது நரம்பு. இது குழாய் இல்ல, சிக்னல் போற வயர். சர்க்கரை நோய்ல இது கெட்டா எரிச்சல், மதமதப்பு, கடைசில உணர்ச்சியே இல்லாம போறது.

மூணுக்கும் மூணு வேற வேற பரிசோதனை. நரம்புக்கு ஒரு நைலான் இழையால பாதத்தைத் தொட்டு “தெரியுதா?”ன்னு கேப்பாங்க, இல்லன்னா அதிர்வுக் கருவி வெச்சுப் பாப்பாங்க. சிரைக்கு வீனஸ் டாப்ளர் ஸ்கேன். தமனிக்குத்தான் நம்ம இன்னைய ஹீரோ, ஆங்கிள் பிரேக்கியல் இண்டெக்ஸ். சுருக்கமா ஏபிஐ. கணுக்கால் அழுத்தத்துக்கும் மேல்கை அழுத்தத்துக்கும் உள்ள விகிதம். மென்பொருள் ஆளுங்களுக்கு ஒரு எச்சரிக்கை: இது நம்ம ஏபிஐ இல்ல!

விருத்தாசலத்துல ஒரு கால்

இதை ஏன் எடுத்தேன்னா, எங்க பெரியப்பா. விருத்தாசலம் தெரிஞ்சவங்களுக்கு அது பீங்கான் ஊருன்னு தெரியும். அங்க அரசு செராமிக் தொழிற்பேட்டை இருக்கு, செராமிக் படிப்புக்குன்னு தனியா ஒரு கல்வி நிறுவனமே இருக்கு. கொலு பொம்மையில இருந்து ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர் வரைக்கும் அங்க செய்யறாங்க. மண் கூழை அச்சுல ஊத்தணும், காய வெக்கணும், பிசிறு தேய்க்கணும், கலர் அடிக்கணும், சூளையில அடுக்கணும். பெரியப்பா முப்பது வருஷத்துக்கு மேல அந்த வேலையில இருந்தவர். பாதி நாள் நின்னுக்கிட்டே. சர்க்கரை பன்னெண்டு வருஷமா இருக்கு. பீடிப் பழக்கமும் இருந்துச்சு.

ரெண்டு வருஷம் முன்னாடி “நடந்தா கால் இழுக்குதுடா”ன்னு சொல்ல ஆரம்பிச்சார். எல்லாரும் சொன்ன பதில் ஒண்ணுதான்: “நின்னு நின்னு வேலை செஞ்சீங்கல்ல, நரம்பு பிரச்சனைதான். வயசும் ஆச்சு.” ஒரு ஸ்கேன் சென்டர்ல கால் டாப்ளர் எடுத்தாங்க. ரிப்போர்ட்ல ரத்தக்கட்டி இல்லன்னு வந்துச்சு. வீட்ல எல்லாருக்கும் நிம்மதி.

அந்த ரிப்போர்ட் தப்பில்ல. ஆனா அது சிரைக்கான டாப்ளர். தமனியை யாரும் பாக்கவே இல்ல. “கால் டாப்ளர் எடுத்தாச்சு”ங்கற ஒரு வாக்கியத்துல ஆறு மாசம் போச்சு. அதுக்குள்ள இடது கால் கட்டைவிரல் ஓரத்துல ஒரு சின்னப் புண். பீங்கான் சில்லு குத்தியிருக்கு, அவருக்கு உணர்ச்சி இல்லாததால தெரியவே இல்ல. அது ஆறாம நின்னதுக்கு அப்புறம்தான் ஒரு டாக்டர் பாதத்துல நாடி புடிச்சுப் பாத்துட்டு ஏபிஐ எழுதிக் குடுத்தார்.

அதனால இந்த எபிசோட்ல இருந்து ஒரே ஒரு விஷயம் நீங்க எடுத்துட்டுப் போகணும்னா இதுதான்: வீட்ல யாருக்காவது கால் டாப்ளர் எடுத்தா, “தமனிக்கா, சிரைக்கா?”ன்னு கேளுங்க.

எந்த வலி தமனி வலி?

தமனி அடைப்போட வலிக்கு ஒரு கணக்கு இருக்கும். குறிப்பிட்ட தூரம் நடந்தா கெண்டைக்கால்ல, சில பேருக்குத் தொடையில, பிடிச்சு இழுக்கும். நின்னா சில நிமிஷத்துல போயிடும். மறுபடி நடந்தா கிட்டத்தட்ட அதே தூரத்துல வரும். உக்காரக்கூடத் தேவையில்ல, சும்மா நின்னாலே போதும். நான் பெரியப்பாகிட்ட கேட்டப்போ அவர் சொன்னது: “டீக்கடைக்குப் போற வழியில அந்த டிரான்ஸ்பார்மர்கிட்ட ஒரு தடவ நின்னுடுவேன்டா தம்பி. தினமும் அங்கயேதான்.” அந்த ‘தினமும் அங்கயேதான்’ ரொம்ப முக்கியமான தகவல்.

சிரை வலி வேற மாதிரி. நாள் முழுக்க நின்னா சாயங்காலம் கால் கனக்கும், வீங்கும், காலைத் தூக்கி வெச்சா சுகமா இருக்கும். தமனி அடைப்பு முத்தினா இதுக்கு நேர் எதிரா நடக்கும்: ராத்திரி படுத்தா பாதம் வலிக்கும், கட்டில்ல இருந்து காலைத் தொங்கப் போட்டா குறையும். ஏன்னா புவியீர்ப்பு கொஞ்சம் ரத்தத்தைக் கீழ கொண்டு வருது. முதுகெலும்புல நரம்பு நெருக்கினாலும் நடந்தா வலிக்கும், ஆனா அது குனிஞ்சாலோ உக்காந்தாலோதான் அடங்கும்.

இன்னொரு சிக்கல், சர்க்கரை உள்ளவங்களுக்கு நரம்பும் கெட்டிருந்தா வலியே தெரியாது. வலி இல்லைங்கறதால தமனி நல்லாருக்குன்னு சொல்ல முடியாது.

போறதுக்கு முன்னாடி

பட்டினி இருக்க வேண்டாம். வழக்கமான மாத்திரையை டாக்டர் வேற மாதிரி சொன்னாலொழிய நிறுத்த வேண்டாம். பரிசோதனைக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியாவது பீடி, சிகரெட் கூடாது. புகை தமனியைச் சுருக்கும், நம்பர் மாறும். காபி, டீயும் அதுக்கு முன்னாடி வேண்டாம். பஸ்ஸைப் பிடிக்க ஓடி, மாடிப்படி ஏறி, நேரா கட்டில்ல படுத்தா சரியா வராது. கொஞ்சம் முன்னாடியே போயிடுங்க.

உடை தளர்வா இருக்கணும். வேட்டி, லுங்கி, நைட்டி, அகலமான பேண்ட் எல்லாம் ஓகே. டைட் ஜீன்ஸ் வேண்டாம். சாக்ஸ், கொலுசு, மெட்டி, கால்ல கட்டுற கறுப்புக் கயிறு எல்லாத்தையும் கழட்டச் சொல்லுவாங்க. புண் இருந்தா மறைக்காதீங்க, காட்டுங்க. அது மேல சுத்தமான பிளாஸ்டிக் உறை போட்டுட்டுதான் பட்டையைச் சுத்துவாங்க.

சில விஷயத்தை நீங்களே முன்கூட்டி சொல்லணும். கால்ல ரத்தக்கட்டி இருக்குன்னு சந்தேகம் இருந்தாலோ, முன்னாடி காலுக்கு பைபாஸ் பண்ணியிருந்தாலோ, டயாலிசிஸுக்காக கையில ஃபிஸ்டுலா போட்டிருந்தாலோ, மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன்ல அக்குள் நெறிக்கட்டி எடுத்திருந்தாலோ சொல்லிடுங்க. அந்தந்த இடத்துல பட்டையை இறுக்கக் கூடாது.

அறைக்குள்ள என்ன நடக்கும்

முதல்ல மல்லாக்கப் படுக்க வெச்சு, அஞ்சுல இருந்து பத்து நிமிஷம் சும்மா விட்டுடுவாங்க. “என்னடா, ஒண்ணும் பண்ணாம விட்டுட்டாங்க”ன்னு தோணும். பரிசோதனையில அதுவும் ஒரு பகுதிதான். உடம்பு அடங்கணும். உக்காந்துக்கிட்டே பண்ணா கணுக்கால் இதயத்தைவிடக் கீழ இருக்கும், அழுத்தம் கூடுதலா காட்டும். அதனால படுக்கறது கட்டாயம்.

அப்புறம் நாலு இடத்துல பிபி பட்டை: ரெண்டு மேல்கை, ரெண்டு கணுக்கால். தோல்ல ஜெல் தடவுவாங்க, சில்லுன்னு இருக்கும். பேனா மாதிரி ஒரு சின்னக் கருவியை தோல் மேல சாய்ச்சு வெப்பாங்க. கால்ல ரெண்டு இடம் பாப்பாங்க: பாதத்தோட மேல்பக்கம் ஒண்ணு, உள் கணுக்கால் எலும்புக்குப் பின்னாடி ஒண்ணு. கருவியில இருந்து ‘விஷ்... விஷ்...’னு சத்தம் வரும். அது உங்க ரத்தம் ஓடற சத்தம்.

பட்டையில காத்தடிப்பாங்க. சத்தம் நின்னுடும். அதுக்கு மேல இன்னும் ஒரு 20 பாயிண்ட் ஏத்திட்டு, மெதுவா இறக்குவாங்க. சத்தம் எந்த இடத்துல திரும்ப வருதோ அந்த நம்பரைக் குறிச்சுக்குவாங்க. இதையே எல்லா இடத்துலயும். பட்டை இறுகும்போது சில வினாடி கணுக்கால்ல அழுத்தம் தெரியும், ஏற்கனவே ரத்த ஓட்டம் கம்மியா இருக்கறவங்களுக்குக் கொஞ்சம் வலிக்கும். விட்டதும் போயிடும். மொத்தமும் பத்து பதினஞ்சு நிமிஷம். கூடுதல் பரிசோதனைகள் சேர்ந்தா அரை மணியில இருந்து ஒரு மணி நேரம். முடிஞ்சதும் ஜெல்லைத் துடைச்சுட்டு நேரா வீட்டுக்குப் போகலாம், ஓய்வு எதுவும் தேவையில்ல.

அந்த சத்தம் எங்கிருந்து வருது?

விருத்தாசலம் ஜங்ஷன் பிளாட்பாரத்துல நின்னிருந்தா இது ஈஸியா புரியும். நிக்காம போற ரயில் ஹாரன் அடிச்சுக்கிட்டே உங்களை நோக்கி வரும்போது சத்தம் கீச்சுன்னு இருக்கும், தாண்டினதும் சட்டுன்னு கனத்துடும். ப்ளஸ் டூ பிசிக்ஸ்ல படிச்ச டாப்ளர் விளைவு. 1842-ல் கிறிஸ்டியன் டாப்ளர் நட்சத்திர வெளிச்சத்தைப் பத்திச் சொன்னார். 1845-ல் நெதர்லாந்துல பைஸ் பாலட் ரயில்ல ஊதுகுழல் கலைஞர்களை ஏத்தி சத்தத்துக்கும் அது பொருந்தும்னு காட்டினார். இங்க ரயிலுக்குப் பதிலா சிவப்பணுக்கள்.

எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான். கருவி 8 மெகாஹெர்ட்ஸ் ஒலியை அனுப்புதுன்னு வெச்சுக்குவோம். அது நம்ம காதுக்குக் கேக்காது. ரத்தம் வினாடிக்கு 50 சென்டிமீட்டர் வேகத்துல ஓடுது, கருவி 60 டிகிரி சாய்வுல இருக்கு. கணக்குப் போட்டா திரும்பி வர்ற ஒலியில மாறுற அதிர்வெண் சுமார் 2,600 ஹெர்ட்ஸ். அது மனுஷக் காது நல்லா கேக்கற எல்லை! அந்த வித்தியாசத்தை மட்டும் பிரிச்சு ஒரு ஸ்பீக்கர்ல போட்டா போதும், ரத்த ஓட்டம் காதுல கேக்கும்.

சத்தத்தோட தரமும் சேதி சொல்லும். நல்ல தமனியில ஒரு துடிப்புக்கு ரெண்டு மூணு அசைவு தெளிவா கேக்கும். மேல அடைப்பு இருந்தா மந்தமா, இழுத்த மாதிரி ஒரே அசைவு. சூளையில இருந்து எடுத்த பீங்கானைச் சுண்டிப் பாத்து, கணீர்னு இருந்தா நல்லது, மொத்துன்னு இருந்தா உள்ள விரிசல்னு சொல்றாங்கல்ல, அதே வேலைதான். பெரியப்பா அந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டே ரெண்டு காலோட சத்தத்தையும் கேட்டுட்டு, “இடது கால் மொத்துனு இருக்கு”ன்னு டெக்னீஷியனுக்கு முன்னாடியே சொல்லிட்டார்.

நம்பர்

கணக்கு சிம்பிள். ஒவ்வொரு கால்லயும் எடுத்த ரெண்டு அளவுல பெரியதை எடுங்க. ரெண்டு கையில எது பெரியதோ அதால வகுங்க. வலது காலுக்குத் தனி, இடது காலுக்குத் தனி.

ஒரு உதாரணம். கைகள் 130, 126. வலது கால் 138, 132. இடது கால் 92, 88. வலது: 138-ஐ 130-ஆல வகுத்தா 1.06. இடது: 92-ஐ 130-ஆல வகுத்தா 0.71. படுத்திருக்கும்போது ஆரோக்கியமான ஆளுக்குக் கணுக்கால் அழுத்தம் கையைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும்.

1.00-ல் இருந்து 1.40 வரை இயல்பு. 0.91-ல் இருந்து 0.99 வரை எல்லைக்கோடு. 0.90-ம் அதுக்குக் கீழயும் தமனி அடைப்பு நோய். 0.40-க்குக் கீழ போனா கடுமையான நிலை. இந்த யோசனை புதுசே இல்ல. டிராவிஸ் வின்சர் 1950-லேயே கை, கால் அழுத்தங்களை ஒப்பிட்டு எழுதிட்டார். 1960-கள்ல டாப்ளர் கருவி வந்ததும் இது எங்கயும் செய்யக்கூடிய பரிசோதனை ஆயிடுச்சு.

0.90-க்குக் கீழன்னா அது கால் பிரச்சனை மட்டும் இல்ல. கால்ல படிஞ்ச அதே கொழுப்பு இதயத்துலயும் மூளையிலயும் படிஞ்சிருக்க வாய்ப்பு உண்டு. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2008-ல் வெளியான அலசல்ல, ஏபிஐ குறைவா இருக்கறவங்களுக்குப் பத்து வருஷத்துல இறப்பு அபாயம் சுமார் ரெண்டு மடங்குன்னு வந்துச்சு.

நம்பர் பொய் சொல்ற இடம்

இப்போ பெரியப்பா நம்பர். கை 140. வலது கால் 204, இடது கால் 210. அதாவது 1.46, 1.50. ‘இயல்பு 1.0-னா இது சூப்பர்ல?’ன்னுதான் பாத்தவுடனே தோணும். இல்ல. 1.40-ஐத் தாண்டினா அது நல்ல சேதி கிடையாது.

ஏன்னா இந்தப் பரிசோதனைக்கு ஒரு அனுமானம் இருக்கு: தமனி ரப்பர் குழாய் மாதிரி அமுங்கும். சர்க்கரை நோய் பல வருஷம் இருந்தவங்க, சிறுநீரகம் கெட்டவங்க, ரொம்ப வயசானவங்க இவங்களுக்குத் தமனிச் சுவர்ல கால்சியம் படிஞ்சு அது பீங்கான் குழாய் மாதிரி ஆயிடும். பட்டையை எவ்ளோ இறுக்கினாலும் அமுங்காது. மீட்டர் அளக்கறது உள்ள இருக்கற ரத்த அழுத்தத்தை இல்ல, குழாயோட விறைப்பை.

இதைவிட ஆபத்தான ஒரு நிலை இருக்கு. அடைப்பு நம்பரை 0.7-க்கு இறக்குது, விறைப்பு அதை மேல தள்ளுது, ரெண்டும் சேர்ந்து ரிப்போர்ட்ல அழகா 1.05-னு வருது. எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்க. அதனால சர்க்கரை உள்ளவங்களுக்கு, குறிப்பா புண் இருந்தா, கணுக்கால் நம்பர் இயல்பா இருந்தாலும் அதோட விஷயத்தை முடிச்சுடக் கூடாது.

அடுத்த படி கால் விரல். கட்டைவிரல்ல உள்ள சின்னத் தமனிகள் பெரும்பாலும் இப்படி விறைக்காது. விரல் அடியில ஒரு குட்டிப் பட்டை, நுனியில ஒரு ஒளி சென்சார். உங்க ஸ்மார்ட் வாட்ச் பின்னாடி பச்சை விளக்கு நாடி பாக்குதே, அதே தத்துவம். விரல் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால வகுத்தா 0.70-க்கு மேல இருக்கணும். பெரியப்பாவுக்கு வலது விரல் 92, அதாவது 0.66. இடது விரல் 62, அதாவது 0.44. கணுக்கால்ல 1.50 காட்டின அதே கால்! விரல் அழுத்தம் 30-க்குக் கீழ போனா புண் ஆறறதே கஷ்டம், காலுக்கே ஆபத்து. அவர் அதுக்கு மேல இருந்தார்.

இன்னும் என்னென்ன பண்ணச் சொல்லலாம்

நடந்தா வலிக்குது, ஆனா படுத்து எடுத்த நம்பர் இயல்புன்னா டிரெட்மில்ல நடக்க வெச்சு, இறங்கினவுடனே மறுபடி எடுப்பாங்க. நல்ல தமனியில பெருசா மாறாது, அடைப்பு இருந்தா நம்பர் சடார்னு விழும். அடைப்பு எந்த மட்டத்துலன்னு பாக்கத் தொடை, கெண்டைக்கால், கணுக்கால்னு வரிசையா பட்டை கட்டி அளப்பாங்க. பக்கத்துப் பக்கத்துப் பட்டைக்கு நடுவுல 20 பாயிண்ட்டுக்கு மேல குறைஞ்சா அந்த இடைவெளியில சந்தேகம். அதுக்கப்புறம் ஆர்ட்டீரியல் டூப்ளெக்ஸ் ஸ்கேன். அதுல குழாயைப் படமாவும், ஓட்டத்தைக் கலராவும் பாக்கலாம். இதுலயும் ஊசி கிடையாது. சாயம் செலுத்தி எடுக்கற சிடி, ஆஞ்சியோ எல்லாம் பெரும்பாலும் ‘சரி பண்ணலாமா’ன்னு யோசிக்கற கட்டத்துலதான் வரும்.

பெரியப்பாவுக்கு டூப்ளெக்ஸ்ல முழங்காலுக்குக் கீழ அடைப்பு தெரிஞ்சுது. ரத்தக் குழாய் டாக்டர் பலூன் வெச்சு ஒரு தமனியைத் திறந்தார். புண் ஆற மூணு மாசம் ஆச்சு. விரல் இருக்கு. பீடி போயிடுச்சு.

எல்லாருக்கும் இந்தப் பலூன் தேவைப்படாது. புண்ணோ ராத்திரி வலியோ இல்லாம, நடந்தா மட்டும் வலிக்குதுன்னா முதல் மருந்து நடைதான்: வலி வர்ற வரைக்கும் நடக்கணும், நிக்கணும், மறுபடி நடக்கணும். வாரத்துக்கு மூணு தடவையாவது, ஒரு தடவைக்கு 30-ல இருந்து 45 நிமிஷம், குறைஞ்சது 12 வாரம். கூடவே புகையை முழுசா நிறுத்தறது, கொலஸ்ட்ரால் மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, சர்க்கரை, பிபி கட்டுப்பாடு.

நமக்கு இது வருமா?

இதைக் கேக்கறவங்கள்ல பாதிப் பேர் இருபதுகள்ல இருப்பீங்க. கொழுப்பு அடைப்பு இந்த வயசுல அபூர்வம். ஆனா 1908-ல் விவரிக்கப்பட்ட ரெண்டு நோய்களைத் தெரிஞ்சு வெச்சுக்கலாம். ஒண்ணு, நியூயார்க்ல லியோ பர்கர் எழுதினது. பெரும்பாலும் 45 வயசுக்குக் கீழ, பீடி, சிகரெட், புகையிலைப் பழக்கம் உள்ளவங்களுக்கு கை, கால் சின்னத் தமனிகள் வீங்கி அடைச்சுக்கும். இந்தியாவுல இது மேற்கத்திய நாடுகளைவிட அதிகமா பாக்கறாங்க. புகையிலையை முழுசா விட்டா நிக்கும், ஒண்ணு ரெண்டுன்னு தொடர்ந்தா விரல் போகும். இன்னொண்ணு, ஜப்பான்ல மிகிடோ தகயாசு சொன்னது. இளம் பெண்களுக்கு அதிகம் வரும், கையில நாடியே கிடைக்காம போகலாம். பரிசோதனையில ரெண்டு கையிலயும் பிபி எடுக்கறதோட லாபம் இங்கதான்: ரெண்டுக்கும் 15, 20 பாயிண்ட்டுக்கு மேல வித்தியாசம் வந்தா கைத் தமனியையும் பாக்கணும்.

நம்ம அப்பா, அம்மா வயசுதான் நிஜமான கவலை. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் - இன்டியாப் ஆய்வுல தமிழ்நாட்டுல சர்க்கரை நோய் 14.4 சதவீதம். சென்னையில டாக்டர் வி. மோகன் குழு பண்ணி 2000-ல் வெளியான ஆய்வுல, சர்க்கரை உள்ளவங்கள்ல 6.3 சதவீதம் பேருக்குக் கால் தமனி நோய் இருந்துச்சு, மொத்தமா பாத்தா 3.2 சதவீதம். அது ஏபிஐ 0.9-க்குக் கீழ இருக்கறவங்கள வெச்சுப் போட்ட கணக்கு. பீங்கான் குழாய்க்காரங்க அதுல சிக்கியிருக்க மாட்டாங்க.

நீங்க அனுப்பின கேள்விகள்

*வீட்டு பிபி மிஷினை கணுக்கால்ல கட்டிப் பாத்துக்கலாமா?*
அது மேல்கைக்காக அளவு வெச்ச கருவி. ரத்த ஓட்டம் குறைஞ்ச கால்ல அதோட நம்பரை நம்ப முடியாது. அதுக்குப் பதிலா பாதத்தைப் பாருங்க: ரெண்டு பாதமும் ஒரே சூடா இருக்கா, ஒண்ணு மட்டும் வெளுத்திருக்கா, புண் இருக்கா. இது இலவசம்.

*யார் கட்டாயம் பண்ணிக்கணும்?*
நடந்தா வலி, ஆறாத புண், பாதத்துல நாடி கிடைக்காதவங்க எல்லாரும். அறிகுறி இல்லாட்டியும் 65 வயசுக்கு மேல உள்ளவங்க, 50-க்கு மேல சர்க்கரையோ புகைப் பழக்கமோ உள்ளவங்க டாக்டர்கிட்ட கேக்கலாம்.

*எங்க போகணும்?*
முதல்ல வழக்கமா பாக்கற டாக்டர் பாதத்துல நாடி புடிச்சுப் பாக்கட்டும். சர்க்கரை நோய் மையங்கள், ரத்தக் குழாய் அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைகள் இதைச் செய்யும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில அதுக்குத் தனித் துறையே இருக்கு. சர்க்கரை உள்ளவங்க பாதத்தைப் பரிசோதிக்கத் தமிழ்நாடு அரசு ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டம் நடத்துது. உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல அந்தப் பேரைச் சொல்லியே கேளுங்க.

*கால் திடீர்னு சில்லுன்னு ஆயிட்டா?*
இது வேற கதை. திடீர்னு கடுமையான வலி, வெளுத்து, சில்லுன்னு ஆகி, மரத்து, அசைக்க முடியலன்னா ஏபிஐக்கு நாள் குறிச்சுட்டு உக்காரக் கூடாது. 108 கூப்பிட்டு எமர்ஜென்சிக்குப் போங்க. அங்க நேரம் மணிக்கணக்குலதான் இருக்கும்.

ஊருக்கு போன் பண்ணும்போது

நான் இன்ஜினியர், டாக்டர் இல்ல. உங்க ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. ஆனா வீட்டுக்குப் பேசும்போது “கால் வலி எப்படி இருக்கு?”ன்னு கேக்கறதோட நிறுத்தாம மூணு கேள்வி சேர்த்துக் கேளுங்க. எவ்ளோ தூரம் நடந்தா வலிக்குது? நின்னா போகுதா? பாதத்துல ஏதாவது புண் இருக்கா? ஏற்கனவே டாப்ளர் எடுத்திருந்தா அந்த ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, தலைப்புல வீனஸ்னு போட்டிருக்கா, ஆர்ட்டீரியல்னு போட்டிருக்கான்னு பாருங்க.